கோட்டம் தீர்ப்பாரைத் தெரிதல்

கலாசாலைச் சஞ்சிகைக்கு எழுதப் புகுவோர் காப்பியங்களின் நயத்தையோ, பெரியோர் வரலாற்றையோ, நாட்டின் நிலையையோ பொருளாகக் கொள்வதே பெருவழக்கு. யாமோ இவ்வாண்டு ஒரு சக்கரத்தைப் பொருளாகக் கொண்டோம். அதுவும் தேர்ச் சக்கரமன்று; பாளையங்கோட்டைத் தெருக்களில் ஓடித் தேய்ந்த பழைய மிதிவண்டி ஒன்றின் பின்சக்கரம். "தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கர்க்கு இதனினும் உயர்ந்த பொருள் அகப்படவில்லையோ?" என்று நண்பர் சிலர் நகைத்தனர். நகைத்தவர் அனைவரும் என்றேனும் ஒருநாள் தம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்தவரே என்பதை அவர்க்கு நினைவூட்டிவிட்டுப் பொருளுட் புகுகின்றோம்.

யாம் கூறக் கருதியது இது: கம்பிகள் அறுந்து சக்கரம் கோணியவிடத்து, அதனைப் பிரித்துப் புதிதாகக் கோத்துத் தருதற்கு எக்கடையை நாடுவது என்னும் வினா சிறியதன்று. 'எங்கே மலிவோ அங்கே. எங்கே விரைவோ அங்கே' என்பது மாணவராகிய நாம் அவ்வினாவிற்கு வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடை பிழையென்பதும், அப்பிழையால் விளையும் கேட்டிற்குக் கடைக்காரர் மாத்திரமன்றி நாமும் பொறுப்பாளிகள் என்பதும் எம் துணிபு. இதனை யாம் ஏட்டிற் கற்றிலோம், இழப்பிற் கற்றோம்.

சக்கரத்தின் இயல்பை முதற்கண் சிறிது ஆராய்வாம். கடைகளில் 'ஹப்' என்றும் 'ஸ்போக்ஸ்' என்றும் 'ரிம்' என்றும் வழங்கும் உறுப்புக்களுக்குச் சங்க நூல்களிலேயே குறடு, ஆர், நேமி என்னும் சொற்கள் உள. யாம் ஈண்டுக் குறடு, கம்பி, விளிம்பு என எளிமையாக வழங்குவோம். சொற்கள் பழையனவாயினும், மிதிவண்டிச் சக்கரம் தொழிற்படும் முறை பழைய சக்கரத்தினின்றும் முற்றிலும் வேறுபட்டது. மாட்டுவண்டிச் சக்கரத்தில், தூணின்மேற் கூரை நிற்பதுபோலக் கீழ்நின்ற மரக்காலின்மேற் பாரம் நிற்கும். மிதிவண்டியிலோ, ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கனமே உடையது. ஒரு கம்பியைத் தரையில் நிறுத்தி அதன்மேல் ஓர் அகராதியை வைப்பின், அஃது அப்பொழுதே வளைந்துவிடும். அத்தகைய மெல்லிய கம்பிகளாலாய சக்கரம் இருவரைச் சுமந்தோடுவது எவ்வாறு?

கம்பிகள் அனைத்தும் முன்னரே இழுத்து முறுக்கப்பட்டிருத்தலே அதன் காரணம். குறடு நடுவணிருந்து விளிம்பை எல்லாத் திசையிலும் ஒக்க இழுத்துப் பிடித்திருக்கின்றது. பாரம் ஏறுங்கால், தரையை நோக்கிய சில கம்பிகளின் இறுக்கம் சிறிது குறைகின்றது. சக்கரம் உருண்டு அவை மேலெழும்போது மீண்டும் நிறைகின்றது. இதனை ஜாப்ஸ்ட் பிராண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர், சக்கரத்தைப் பற்றியே 1981-இல் வெளியிட்ட ஒரு தனி நூலில் விரிவாக விளக்கியுள்ளார். இம்முறை ஒருவர் மூளையில் ஒருநாளில் உதித்ததன்று. 1808-ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் கேலி என்பவர் பறக்கும் பொறியொன்றிற்காக இத்தகைய சக்கரத்தை எண்ணிப் பார்த்தார். 1869-இல் பாரிஸ் நகரத்து யூஜின் மேயர் கம்பிச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். 1874-இல் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குறட்டினின்று நேராகச் செலுத்தாது சாய்வாகப் பின்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் தெருவோரக் கடையில் இன்றும் பின்னப்படுவது அம்முறையே.

நம் நாட்டுப் பழைய வண்டிகளில் முன்சக்கரத்திற்கு 32 கம்பியும் பின்சக்கரத்திற்கு 40 கம்பியும் இருத்தல் வழக்கம். அத்தகைய சக்கரம் ஒரு கிலோமீட்டர் செல்ல ஏறக்குறைய 450 முறை சுழலும். நாளொன்றுக்கு 4 கிலோமீட்டர் செல்லும் மாணவனது வண்டியில், ஒவ்வொரு கம்பியும் 1800 முறை தளர்ந்து இறுகுகின்றது. இரும்புக் கம்பியை ஒருமுறை வளைத்தால் ஒடியாது. பன்முறை வளைத்தால் ஒடியும் என்பதைச் சிறுவரும் அறிவர். கம்பிகள் போதிய இறுக்கமின்றியும் ஒத்த இறுக்கமின்றியும் இருப்பின், இவ்வலைவு மிகுந்து, குறட்டை ஒட்டி அவை வளைந்திருக்கும் இடத்திலேயே அறும். ஒன்று அறுந்தால் அதன் வேலையும் பக்கத்துக் கம்பிகளின்மேல் விழும். விளிம்பும் ஒருபுறமாகக் கோணும். இக்கோணலை நீக்குவதைக் கடைக்காரர் 'கோட்டம் எடுத்தல்' என்பர். மன வளைவிற்கும் நடுவுநிலை பிறழ்தற்கும் நம் நீதி நூலார் ஆண்ட 'கோட்டம்' என்னும் அருஞ்சொல், எண்ணெய் படிந்த கைகளில் இன்றும் உயிரோடு வழங்குவதைக் கேட்டு யாம் உவந்தோம். உவந்த யாமே அச்சொல்லின் இரு பொருளையும் பின்னர் அனுபவித்து அறிந்தோம்.

எம் விடுதியில் மூவர்க்கு ஒரு வண்டி. எம்முள் ஒருவருடைய பாட்டனார் ஆசிரியராக இருந்த காலத்தில் வாங்கிய கரிய வண்டி அது. சென்ற ஆண்டு ஆடிக் காற்றில், பின்சக்கரத்துக் கம்பி ஒன்று அறுந்தது. முப்பத்தொன்பது இருக்க ஒன்று போனால் என்னை என்று வாளா இருந்தோம். ஒரு திங்களுள் ஐந்து அறுந்தன. விளிம்பு தடையின் இரப்பரில் உராய்ந்து ஓலமிடத் தொடங்கியது. அதன் பின்னரே கடை தேடினோம். முதலிற் கண்ட கடைக்காரர் சக்கரத்தைப் பார்த்து, கம்பிகள் அனைத்தையும் மாற்றவேண்டும் என்று கூறி 300 ரூபாய் கூலி கேட்டார். யாம் மூவரும் மாறி மாறி வாதிட்டு, "அறுந்ததை மட்டும் மாற்றினாற் போதும், மாலைக்குள் வேண்டும்" என்று கூறி, 150 ரூபாய்க்கு இறக்கினோம். வெளியே வந்து எம் திறமையை நாமே மெச்சிக்கொண்டோம். எஞ்சிய பணத்திற் சிற்றுண்டி அருந்தினோம் என்பதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் வாரம், வண்ணாரப்பேட்டையினின்று ஆற்றுப் பாலத்தை நோக்கி எம்முள் இருவர் அவ்வண்டியிற் செல்கையில், பின்சக்கரத்து டியூப் திடீரென வெடித்தது. சக்கரம் அப்பளம்போல் வளைந்து மடங்கியது. பின்னே அமர்ந்தவர் கை ஊன்றி வீழ்ந்தார். அவருடைய வலக்கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டுடன் இருந்தார். பருவத் தேர்வைத் தாம் கூறப் பிறர் எழுத முடித்தார். செய்யுளுக்குப் பொருள் எழுதுகையில் தம் கை தாமே ஓடும் என்று பெருமை கூறும் அவர், அன்று பட்ட துயரை யாம் அருகிலிருந்து கண்டோம். பின்னர்ச் சக்கரத்தைப் பிரித்துப் பார்த்ததில் காரணம் விளங்கிற்று. புதிதாக இட்ட கம்பிகள் அளவிற் சற்று நீண்டவை. அவற்றின் முனை மறையைக் கடந்து நீட்டி நின்று, உள்ளே போர்த்திய நாடாவைக் கிழித்து டியூபைக் குத்தியிருந்தது. பழைய கம்பிகளோ இறுக்கமின்றி இருந்தபடியே விடப்பட்டிருந்தன.

யாம் சினங்கொண்டு அக்கடைக்குச் சென்றோம். அவர் எம் சொற்களையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் 300 கேட்டேன், தம்பி, நீங்கள் 150 கொடுத்தீர்கள். அரை நாள் வேலைக்கு ஒரு மணி நேரம் கொடுத்தீர்கள். அதற்குள்ளதைச் செய்தேன்" என்றார். அவர் கூற்றை யாம் முழுதும் ஒப்புக்கொள்ளோம். உயிருக்கு ஊறு விளைக்கக்கூடிய வேலையை அரைகுறையாகச் செய்வதினும், 'இந்தக் கூலிக்கு இயலாது' என்று மறுத்தலே தொழிலறம். அளவு பொருந்தாத கம்பியை இட்டது எக்கூலிக்கும் பிழையே. ஆயினும் மறுமொழி கூற எமக்கு நா எழவில்லை. கோட்டம் சக்கரத்தில் மாத்திரம் இருந்ததன்று. வேண்டிய வேலை இன்னதென்று கூறியவரை, அது வேண்டாவென்று கூறித் தடுத்தவர் யாமே அன்றோ?

இரண்டாம் முறை கடை தேடியபோது, எம் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உடைய பெரிய விற்பனைக் கூடம். அங்கிருந்தோர் இனிய சொல்லினர். ஆனால் பழைய சக்கரத்தைத் தொட்டும் பார்த்திலர். "இதைக் கோப்பவர் இங்கில்லை, முழுச் சக்கரமாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். இரண்டாவது, கைப்பேசி வாயிலாக ஆயத்தச் சக்கரம் தருவித்தல். மூன்றாவது, ஊரிலுள்ள சிறு கடைகளுள் ஒன்றைத் தேர்ந்து கோக்கச் செய்தல்.

முன்னிரு வழிகளையும் இகழ்தல் எம் கருத்தன்று. விளிம்பு விரிசலுற்று, குறட்டின் உட்கிண்ணமும் தேய்ந்து போயினவிடத்து, எஞ்சிய சில்லறை உறுப்புக்களைப் போற்றிப் பயனில்லை; முழுச் சக்கரம் வாங்குதலே அறிவு. ஆயின், மலிவான ஆயத்தச் சக்கரங்கள் பல இயந்திரத்தாற் கோக்கப்பட்டுப் போதிய இறுக்கமின்றி வருதல் உண்டு. அவற்றை ஓட்டத் தொடங்குமுன் கைதேர்ந்த ஒருவர் கம்பிதோறும் சோதித்து இறுக்கித் தருதல் வேண்டும். இறுதியில் வேண்டப்படுவது அக்கையே. மேலும், பொதிபெட்டியிற் கட்டுண்டு வரும் சக்கரம் நம் பாரத்தையும் அறியாது, நம் பாதையையும் அறியாது. அதனில் ஒரு கம்பி தளர்ந்தால், அதனைப் பின்னிய இயந்திரத்திடம் நாம் எங்ஙனம் சென்று முறையிடுவது?

மூன்றாம் வழியிலும் ஒரு மயக்கம் உண்டு. பெயர்ப்பலகை இல்லாத கடையிலே பெருந்திறன் இருக்கும் என்றும், கையில் எண்ணெய்க் கறை மிகுந்தவரே கைவல்லவர் என்றும் நம்மிற் சிலர் கற்பனை செய்வர். எம்மை வீழ்த்திய கடையும் பெயர்ப்பலகை இல்லாத சிறு கடையே. அண்மையது என்பதனாலேயோ எளியது என்பதனாலேயோ ஒரு கடை நல்லதாகிவிடாது. ஆராயாது ஒருவரை நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயப்படுதலும் ஒருங்கே துன்பம் தருவன என்பது வள்ளுவர் கருத்து. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்னும் 51, 52-ஆம் அதிகாரங்களைத் தேர்வின் பொருட்டு மனப்பாடம் செய்த யாம், அவை அரசர்க்கும் அமைச்சர்க்கும் மாத்திரமே உரியன என்று எண்ணியிருந்தோம்.

யாரைக் கேட்பது என்று திகைத்திருந்தபோது எமக்கு வழி காட்டியவர், விடுதிக்கு நாள்தோறும் இருபுறமும் கேன்கள் தொங்க மிதிவண்டியிற் பால் கொணரும் பெரியவர். "அண்ணாச்சி, உங்கள் சக்கரத்தைக் கோத்தவர் யார்?" என்று கேட்டோம். அவர் வியந்து, "இத்தனை ஆண்டில் இதை ஒருவரும் கேட்டதில்லை" என்று கூறி, ஒரு வேப்பமரத்தடிக் கடையைக் குறிப்பிட்டார். பின்னர் எண்ணிப் பார்க்கையில், நல்ல கடையைத் தெரிதற்கு இதனினும் சிறந்த வழி இல்லை என்பது புலனாயிற்று. பகட்டுக்காக வண்டி வைத்திருப்பவரைக் கேட்பதிற் பயனில்லை. பாரம் சுமந்து பிழைப்பவர்க்குச் சக்கரம் ஒருநாள் நின்றால் ஒருநாட் கூலி நின்றுபோம். அவர் நாடும் கடையே ஆராய்ந்து தெளியப்பட்ட கடை.

அங்குச் சென்ற எம்மை, கடைக்காரர் விலை கூறி வரவேற்றிலர். சக்கரத்தை வாங்கித் தூக்கிச் சுழற்றினார். காதருகே கொண்டுசென்று குறட்டின் ஒலியைக் கேட்டார். பின்பு வினவத் தொடங்கினார்: "எத்தனை பேர் ஏறுவீர்கள்? பின்னால் மூட்டை வைப்பதுண்டா? முதற்கம்பி எப்போது அறுந்தது? அதற்குப் பிறகு எவ்வளவு நாள் ஓட்டினீர்கள்?" கடைசி வினாவிற்கு யாம் தலைகுனிந்து விடை கூறினோம். அறுந்த கம்பிகளின் வளைவைக் காட்டி, "எல்லாம் ஒரே இடத்தில் அறுந்திருக்கின்றன. மற்றவையும் இதே வயதுதானே, ஒவ்வொன்றாகப் போகும். விளிம்பும் ஆகாது. குறடு மட்டும் பழைய காலத்து உருப்படி, நன்றாயிருக்கிறது, அதை மாற்றாதீர்கள்" என்றார். எதனை மாற்றவேண்டும் என்பதோடு எதனை மாற்றவேண்டா என்பதையும் கூறிய முதற் கடைக்காரர் அவரே. இன்று மாலை கிடைக்குமோ என்று பழைய வழக்கத்தால் எம்முள் ஒருவர் கேட்டுவிட்டார். "அவசரமென்றால் வேறு கடை பாருங்கள், தம்பி. சக்கரம் வேண்டுமென்றால் நாளை மறுநாள் வாருங்கள்" என்பதே அவர் விடை. அவ்விடையிலேயே எமக்குத் தெளிவு பிறந்தது.

விடுமுறை நாளாதலின் அவர் கோப்பதை யாம் அருகிருந்து கண்டோம். குறட்டின் துளைகளையும் விளிம்பையும் அளந்து, அதற்கேற்ற நீளமுள்ள கம்பிகளைத் தேர்ந்தார். ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து செல்ல, மூன்றாவதைக் கடக்குமிடத்து அதன் மறுபுறம் புகுமாறு பின்னினார். 'நிப்பிள்' என்னும் சிறு மறைகளை எல்லாவற்றிலும் ஒரே அளவாகத் திருகினார். பின்பு வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, சக்கரத்தைப் பொருத்திச் சுழற்றி, விளிம்பினருகே சுண்ணக் கட்டியைப் பிடித்தார். கோணிய இடத்தில் மாத்திரம் வெண்கோடு விழுந்தது. அவ்விடத்தில் ஒரு பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்தி, மறுபக்கத்துக் கம்பியைக் கால் திருகு இறுக்கினார். பக்கக் கோணல் தீர்ந்தபின் மேடு பள்ளத்தைத் தீர்த்தார். மேடு பள்ளம் தீர்க்கையிற் பக்கக் கோணல் மீண்டும் சிறிது தோன்ற, அதனையும் தீர்த்தார். இவ்வாறு எத்தனை முறை என்று யாம் எண்ணிலோம்.

இடையிடையே, அடுத்தடுத்த கம்பிகளை இரண்டிரண்டாகக் கையிற் சேர்த்து அமுக்கினார். அப்பொழுது சிறு ஒலியுடன் கம்பிகள் தம் இடத்தில் அமர்ந்தன. இறுதியில், யாழ் நரம்பைத் தெறிப்பதுபோல விரல்நகத்தால் ஒவ்வொரு கம்பியையும் தெறித்துக் கேட்டார். ஒருபக்கத்துக் கம்பிகள் ஒத்த ஒலி எழுப்பின. 'ப்ரீவீல்' இருக்கும் வலப்பக்கத்துக் கம்பிகளின் ஒலி சற்று உயர்ந்திருந்தது. அப்பக்கம் மிகுதியாக இறுகியிருத்தல் இயல்பென்று விளக்கினார். இசை நூல் கல்லாத அவர், சுருதி பிறழ்ந்த ஒரு கம்பியைக் கேட்ட அளவிலே கண்டு திருத்தியதைப் பார்த்து யாம் வியந்தோம். வண்டியைத் தருகையில், "ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள். கம்பி அமர்ந்தபின் ஒருமுறை பார்க்கவேண்டும். அதற்குக் காசு வேண்டாம்" என்றார்.

அவர் கேட்ட கூலி முதற் கடைக்காரர் கேட்டதினும் மிகுதி. யாம் குறைத்துக் கேட்டிலோம். ஓராண்டு கடந்தது. அச்சக்கரம் இன்றும் இருவரைச் சுமந்து பாலத்தைக் கடக்கின்றது. முதலிற் கொடுத்த 150 ரூபாயையும், கிழிந்த டயரையும், மருத்துவச் செலவையும் கூட்டிப் பார்க்கின், மலிவென்று யாம் எண்ணியதே பெருஞ்செலவாய் முடிந்தது. நண்பர் பட்ட நோவு அக்கணக்கில் அடங்காது.

இவ்வனுபவத்தினின்று யாம் தெளிந்தவற்றை நம் மாணாக்கர் பொருட்டுச் சுருங்கக் கூறுவாம். விலை கூறுமுன் வினவுகின்ற கடையைத் தேர்க. அறுந்த இடத்தை நோக்கிக் காரணம் கூறுபவரைத் தேர்க. நல்ல உறுப்பை நல்லதென்று கூறித் தம் வரவைத் தாமே குறைத்துக்கொள்பவரைத் தேர்க. கம்பியின் நீளத்தை அளந்து பார்ப்பவரைத் தேர்க. காலம் கேட்பவரைச் சோம்பர் என்று எண்ணற்க. மீண்டும் வருக என்று அழைப்பவரைத் தேர்க. தம் வேலையை மறுமுறை காண அஞ்சாதவரே அங்ஙனம் அழைப்பர். அண்மையிலுள்ள கடையின் உண்மையான நன்மை இதுவே. தாம் கோத்த சக்கரம் நாள்தோறும் தம் கண்முன் ஓடுமென்பதை அவர் அறிவார். சக்கரம் தளர்ந்தால் எங்கே செல்வதென்பதை நாமும் அறிவோம்.

ஒருசாரார் இங்கே ஒரு தடை எழுப்புவர்: "மாணவர் வறியவர். கைப்பொருள் சிறிதாக இருக்கையில் கூலியைக் குறைத்துக் கேட்பது குற்றமா?" எம் வறுமையை யாமே நன்கறிவோம். ஆயின், பெரிய கூடத்தில் அச்சிட்ட விலைச்சீட்டைக் கண்டால் நாம் வாய் திறப்பதில்லை. கைப்பேசியில் வரும் விலைக்கும் மறுமொழி கூறுவதில்லை. மரத்தடியில் அமர்ந்து, தம் நேரத்தையன்றி வேறு சரக்கில்லாதவரிடத்தே நம் வாதத்திறனை எல்லாம் காட்டுகின்றோம். பொருளின் விலையை மறுபேச்சின்றிக் கொடுத்து, கைத்திறனின் விலையை மாத்திரம் பாதியாக்குவது சிக்கனமன்று. அது வலியார்முன் அடங்கி எளியார்முன் எழும் கோட்டமே. பணம் போதாதாயின் உண்மையைக் கூறித் தவணை கேட்கலாம். விளிம்பை இம்மாதமும் கம்பியை அடுத்த மாதமும் வாங்கி வைக்கலாம். பொருந்தியவிடத்துப் பழைய விளிம்பையே வைத்துக் கோக்கலாமா என்று வினவலாம். வேலையைக் குறைக்காமற் கூலியை மாத்திரம் குறைத்தால், கண்ணுக்குப் புலனாகாத ஓரிடத்தில் வேலை தானே குறையும் என்பதை எம் நண்பரின் மணிக்கட்டு கூறும்.

இதனில் ஊரின் நலமும் அடங்கியுள்ளது. தமிழ்நாட்டரசு மேல்நிலைப்பள்ளி மாணவர்க்கு விலையின்றி மிதிவண்டி வழங்குகின்றது. நம்முட் பலர் அவ்வண்டியிலேயே பள்ளி சென்று வந்தோம். வண்டியைத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கிற் செய்து அனுப்பலாம்; அதனைப் பத்தாண்டு ஓடச்செய்வது ஊர்தோறும் உள்ள ஒருவரது கையே. நம் வேப்பமரத்தடி அண்ணாச்சிக்கு இன்று கீழ்நின்று தொழில் பயில்வோர் எவரும் இலர். பஞ்சர் ஒட்டுதலைப் பலர் கற்பர். சக்கரம் கோத்தலைக் கற்கப் பொறுமையும் ஆண்டுகளும் வேண்டும். அவ்வாண்டுகளுக்கு ஈடாகப் பாதிக் கூலியே கிடைக்குமென்றால், எந்த இளைஞர் வந்து கற்பார்? நாம் இறக்கிய ஒவ்வொரு ரூபாயும் அக்கடையில் ஓர் இளைஞரின் இருக்கையை அகற்றுகின்றது.

இறுதியாக, நம் கலாசாலைக்கு ஒரு விண்ணப்பம். வண்டி நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலையில், வாரத்தில் ஒருநாள் மாலை, ஆராய்ந்து தெளியப்பட்ட கம்மியர் ஒருவரை அமர்த்தி, முறையான கூலி நிர்ணயித்து, மாணவர் வண்டிகளைச் சோதிக்கச் செய்யலாம். அறுந்த முதற்கம்பியை அன்றே மாற்றினால், நாற்பதையும் மாற்றும் நிலை பெரும்பாலும் வராது. விரும்பும் மாணவர் அவர் பக்கத்திலிருந்து கோட்டம் எடுக்கக் கற்கவும் கூடும். ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் வேண்டும் என்று மேடைதோறும் பேசக் கேட்கின்றோம். கொட்டகை இருக்கின்றது, வண்டிகள் இருக்கின்றன, கற்பிக்க வல்லவரும் வாயிலுக்கு வெளியே இருக்கின்றார்.

இது நிறைவேறும்வரை, நண்பர்காள், இன்று மாலை உங்கள் வண்டியின் பின்சக்கரத்தை ஒருமுறை தூக்கிச் சுழற்றிப் பாருங்கள். கம்பிகளை விரலால் தெறித்துக் கேளுங்கள். ஒன்று ஒலியிழந்திருப்பின், அதனை எவரிடம் கொண்டுசெல்வதென்று பால்காரரைக் கேளுங்கள். அவர் காட்டும் கடையில் வினாக்களுக்கு உண்மையாக விடை கூறுங்கள்; கேட்ட காலத்தைக் கொடுங்கள்; வேலை நன்றாயின் கேட்ட கூலியையும் கொடுங்கள். சக்கரத்தின் கோட்டத்தை அவர் எடுப்பார். நம் கோட்டத்தை நாமே எடுத்தல் வேண்டும்.